வால்பாறை மரத்துலயும் அசாம் கொண்டையிலயும் ஒரே ஆர்க்கிட் எப்படி?

முதல்ல உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். வால்பாறை போற வழியில ஒரு எஸ்டேட் நிழல் மரத்துல கொத்தா தொங்குன பூவை போட்டோ எடுத்து ஆப்ல போட்டிருக்கீங்க, அது ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா-ன்னு காட்டியிருக்கு. அசாம்ல வேலை பாக்கற உங்க அண்ணன் பிஹு ஆட்டத்து போட்டோ அனுப்பினா அங்க பொண்ணுங்க கொண்டையில அதே பூ. அப்ப ஆர்க்கிட்னா எல்லா ஊர்லயும் ஒண்ணுதானா, காட்டு ஆர்க்கிட்டை எப்படி வகை பிரிக்கறாங்க, எது எங்க வளரும், உடைஞ்சு விழுந்த கிளையில இருந்த செடியை வீட்டுக்கு எடுத்துட்டு வரலாமான்னு நாலஞ்சு கேட்டிருக்கீங்க. கடைசிக் கேள்வி தனி, அதுக்குக் கடைசியில வரேன். மத்ததெல்லாம் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருது: ஒரு செடி ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் இருக்கு, இன்னொண்ணு ஒரே ஒரு மலையை விட்டு நகரவே இல்ல, அது ஏன்? நான் வகைப்பாட்டியல் படிச்சு, காஞ்ச செடியை ஒட்டி வைக்கற ஹெர்பேரியம் ஷீட்டும் நீலகிரி பழனி மலைப்பக்கமுமா பல வருஷம் ஓட்டின ஆளு. தென்னிந்திய ஆர்க்கிட்டுன்னா தைரியமா பேசுவேன், தென் அமெரிக்க ஆர்க்கிட்டெல்லாம் எனக்கு புத்தகத்துலயும் காஞ்ச மாதிரியிலயும் பாத்த பழக்கம்தான், அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ஆப் சொன்னது சரியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா இந்தியா, இலங்கை, மியான்மர், தாய்லாந்துல ஆரம்பிச்சு இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரைக்கும் இருக்கற செடி. தடிச்ச, நடுவுல வாய்க்கால் மாதிரி மடிஞ்ச இலை, இலை நுனி யாரோ கடிச்சு வச்ச மாதிரி ஒழுங்கில்லாம இருக்கும், ஏப்ரல் மே ஜூன் வாக்குல ஒரு அடி நீளத்துக்கு மேலயே பூக்கொத்து அடர்த்தியா கீழ தொங்கும், வெள்ளையில ஊதாப் புள்ளி. அசாமுக்கு அது மாநிலப் பூ, கொபௌ பூல்-னு சொல்வாங்க, சித்திரையில வர்ற பிஹுவுக்கு சரியா பூக்கும். நம்ம பக்கமும் இதுக்குப் பழைய வரலாறு இருக்கு. கொச்சியில டச்சு கவர்னரா இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் போட்ட ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்ல (1678லருந்து 1693 வரைக்கும் 12 தொகுதி) இந்தப் பூவோட படம் மலையாளப் பேரோட இருக்கு, பின்னாடி செடிகளுக்கு ரெட்டைப் பேர் வைக்கற முறையைக் கொண்டு வந்த லின்னேயஸ் இதுக்கு லத்தீன் பேர் வச்சப்ப அந்தப் படத்தைத்தான் காட்டினார். அதாவது அறிவியல் உலகத்துக்கு இது முதல்ல போனது அசாம்லருந்து இல்ல, மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கத்துலருந்து.

இப்ப வகை பிரிக்கறது. நிறைய பேர் மரத்துல வளர்றது ஒரு வகை, தரையில வளர்றது ஒரு வகை, பாறையில வளர்றது ஒரு வகைன்னு நினைச்சுக்கறாங்க, ஸ்கூல் புத்தகத்துல தொற்றுத் தாவரத்துக்கு வாண்டா ஆர்க்கிட்டையும் அதோட வேர்ல ஈரம் உறிஞ்சற வெலாமன் திசுவையும் உதாரணமா படிச்சதோட விளைவுன்னு நினைக்கறேன். அது வாழற விதம், சொந்தம் இல்ல. உலகத்து ஆர்க்கிட்ல பத்துல ஏழு மரத்துலதான் இருக்கு, சரி, ஆனா மரத்துல ஏறுற பழக்கம் இந்தக் குடும்பத்துல பல கிளைகள்ல தனித்தனியா வந்திருக்கு, சில கிளை திரும்ப தரைக்கே இறங்கியும் இருக்கு. அதனால வகைப்பாட்டுக்காரங்க செடி எங்க உக்காந்திருக்குன்னு பாக்காம பூவுக்குள்ள பாப்பாங்க. ஆர்க்கிட் பூவுல மகரந்தத் தண்டும் சூல் தண்டும் தனித்தனியா இருக்காது, ரெண்டும் சேர்ந்து ஒரே தூணா நடுவுல நிக்கும். மகரந்தம் பொடியா உதிராம பெரும்பாலும் மெழுகு உருண்டையா, பொலினியான்னு சொல்வோம், பூச்சி தலையில மொத்தமா ஒட்டிக்கிட்டு போகும். மூணு இதழ்ல ஒண்ணு மட்டும் வேற மாதிரி உதடா மாறியிருக்கும், மொட்டு விரியறப்ப காம்பு அரைச் சுத்து திரும்பி அந்த உதடு கீழ வந்து பூச்சிக்கு இறங்கற மேடை ஆயிடும். இந்த மூணும் சேர்ந்து இருக்கணும், ஏன்னா எருக்கம்பூவுலயும் பொலினியா உண்டு, அதே குடும்பத்து ஹோயா கொடி மரத்துல படர்ந்து மெழுகுப் பூ பூத்தா ஆர்க்கிட்னு எனக்கு போட்டோ அனுப்பறவங்க வருஷா வருஷம் உண்டு. அப்புறம் ஒண்ணு, மரத்து ஆர்க்கிட் புல்லுருவி கிடையாது. புல்லுருவி மரத்துக்குள்ள வேரை இறக்கி உறிஞ்சும், ஆர்க்கிட் பட்டையைச் சும்மா பிடிச்சுக்கிட்டு மழையையும் பனியையும் குடிச்சு வாழுது, எஸ்டேட்காரங்க இதைத் தெரியாம சுரண்டித் தள்றாங்க.

குடும்பம் ஒண்ணு, அதுக்குக் கீழ அஞ்சு துணைக்குடும்பம், இது இன்னிக்கு யாரும் சண்டை போடாத விஷயம். முதல்ல பிரிஞ்ச கிளை அப்போஸ்டேசியா கூட்டம், ரெண்டே பேரினம் (நெருங்கின இனங்களோட கூட்டம்), மகரந்தம் இன்னும் பொடியாவே இருக்கு, உதடும் பெருசா மாறல, பாத்தா ஆர்க்கிட்னே சொல்ல மாட்டீங்க, வடகிழக்கு இந்தியாவுலருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கு, இலங்கையோட ஈரக்காட்டுலயும் இருக்கு. அடுத்தது வெனிலா கூட்டம். ஐஸ்கிரீம் வெனிலா மெக்சிகோ பக்கத்துச் செடி, ஆனா நம்ம தெற்குல வெனிலா வாக்கரியேன்னு இலையே இல்லாத பச்சைக் கொடி ஒண்ணு காய்ஞ்ச புதர்க்காட்டுல வேலிமேல ஏறிக் கிடக்கும், இலங்கையிலயும் உண்டு, கள்ளி வகைன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவாங்க. மூணாவது செருப்பு ஆர்க்கிட், உதடு பை மாதிரி, மகரந்தப்பை ரெண்டு. நாலாவது ஆர்க்கிடாய்டியே, பெரும்பாலும் தரையில, கிழங்கு வச்சு வருஷா வருஷம் மேல வர்றது, நம்ம ஹேபனேரியா, சத்தீரியம் எல்லாம் இதுல. அஞ்சாவது எபிடெண்ட்ராய்டியே, மொத்த ஆர்க்கிட்ல ஏறக்குறைய எண்பது சதவீதம் இங்கதான்: டென்ட்ரோபியம், பல்போஃபில்லம், வாண்டா, உங்க ரிங்கோஸ்டைலிஸ், அதோட தரையில வளர்ற யூலோஃபியா, கலாந்தே, நெர்விலியாவும். நெர்விலியா ஒரு வேடிக்கையான செடி, மழை விழுந்ததும் மண்ணுலருந்து பூ மட்டும் தனியா வரும், பூ வாடினப்புறம் ஒரே ஒரு இலை வரும், ரெண்டையும் ஒண்ணா பாக்கவே முடியாது. வாண்டாவும் இதுவும் ஒரே கிளைன்னா நம்ப மாட்டீங்க.

இது இப்படித் தெளிவானது சமீபத்துலதான். லின்னேயஸ் 1753ல தனக்குத் தெரிஞ்ச மரத்து ஆர்க்கிட் எல்லாத்தையும் எபிடெண்ட்ரம்-னு ஒரே பேரினத்துல போட்டுட்டார், வெனிலாகூட அதுலதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஜான் லிண்ட்லிங்கற தாவரவியலாளர் தூணையும் மகரந்தத்தையும் வச்சு ஒழுங்கு பண்ணினார், அப்புறம் ராபர்ட் டிரஸ்லர் அதைத் திருத்தினார், 1990கள் கடைசியில டிஎன்ஏ வந்தப்புறம்தான் வெனிலா தனிக்கிளைன்னு உறுதியாச்சு. ஆனா துணைக்குடும்பத்துக்குக் கீழ இறங்கினா தரை ஆடும். ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்லயே இருக்கற இன்னொரு மஞ்சப் பூ, நான் படிச்சப்ப வாண்டா ஸ்பேதுலேட்டா, இப்ப டேப்ரோபேனியா ஸ்பேதுலேட்டா, அந்தப் பேரினத்துல அது ஒண்ணே ஒண்ணுதான், தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதோட உலகமே. எரியாவைப் பல துண்டா உடைச்சுட்டாங்க, ஃபோலிடோட்டாவை சீலோஜைனுக்குள்ள சேத்துட்டாங்க, ஜியோடோரத்தை யூலோஃபியாவுக்குள்ள. ஹேபனேரியாவும் இப்ப இருக்கற எல்லையோட நிலைக்காதுங்கறது பலரோட அபிப்பிராயம், எனக்கும் அப்படித்தான் படுது. அதனால பழைய ஃபுளோரா புத்தகத்துல (ஒரு பகுதியோட செடிகளை விவரிக்கற புத்தகம்) ஒரு பேரும் ஆப்ல ஒரு பேரும் வந்தா ரெண்டுல ஒண்ணு பொய்னு முடிவு கட்டாதீங்க, பெரும்பாலும் ஒரே செடியோட பழைய பேரும் புதுப் பேருமா இருக்கும்.

சரி, எது எங்க. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்துலயும் ஆர்க்கிட் உண்டு, மொத்தம் சுமார் 28,000 இனம், ஆனா பங்கீடு ரொம்ப ஓரவஞ்சனை. கொலம்பியா, ஈக்வடார் ரெண்டுலயும் தலைக்கு நாலாயிரத்துக்கு மேல, ஆண்டிஸ் மலையோட மேகக்காடுதான் காரணம். அடுத்தது தென்கிழக்கு ஆசியாவும் நியூ கினியும். பேரினத்துக்கும் எல்லை உண்டு: கேட்லியா, ஆன்சிடியம் எல்லாம் அமெரிக்காவுல மட்டும், வாண்டாவும் டென்ட்ரோபியமும் ஆசியா ஆஸ்திரேலியா பக்கம் மட்டும், பல்போஃபில்லம் மாதிரி சிலது பூமத்திய ரேகையைச் சுத்தி எல்லாப் பக்கமும். யாராவது ஏற்காட்டுல காட்டுல கேட்லியா பாத்தேன்னு சொன்னா அது யார் வீட்டுத் தொட்டியிலருந்தோ வந்தது. இந்தியாவுல தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019ல போட்ட கணக்குப்படி 1,256 இனம். அருணாசலத்துல மட்டும் 612, சிக்கிம் 560. மேற்குத் தொடர்ச்சி மலை எண்ணிக்கையில அதுங்க கிட்ட நிக்க முடியாது, ஆனா இந்தியாவைத் தவிர வேற எங்கயும் இல்லாத 388 இனத்துல 128 இங்கதான் இருக்கு. ஏன்னு கேட்டா, வடகிழக்குல இமயமலையும் பர்மா காடும் சேர்ற இடம், சூடான பள்ளத்தாக்குலருந்து பனி வரைக்கும் உயரம், ரெண்டு பக்கத்துச் செடியும் வந்து சேருது. நம்ம மலைக்கு ஆனைமுடியோட உச்சியே 2,695 மீட்டர்தான், அதுலயும் டிசம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் காயுது. ஆனா சுத்திலும் வறண்ட சமவெளி சூழ்ந்த மலைங்கறதால இங்க வந்து சேந்தது தனியா வளர்ந்து வேறயா மாறியிருக்கு, பாலக்காட்டு கணவாய் வேற நடுவுல பிளந்து வச்சிருக்கு.

இப்ப முக்கியமான இடம். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, ஒரு காய்க்குள்ள ஆயிரக்கணக்குலருந்து லட்சக்கணக்கு வரைக்கும், சிலதுல அதுக்கும் மேல, உள்ள சாப்பாடே கிடையாது. காத்துல எங்க வேணா போகும். 1883ல இந்தோனேசியாவுல கிரகடோவா எரிமலை வெடிச்சுத் தீவே வெந்து போச்சு, 20 வருஷத்துக்குள்ள அங்க ஆர்க்கிட் முளைச்சுடுச்சு, கடல் தாண்டி. பாலிஸ்டாக்கியா கான்கிரீட்டான்னு ஒரு சின்ன மஞ்சப் பூ செடி, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, இந்தியா, இலங்கை எல்லா இடத்துலயும் இருக்கு. அப்ப போய்ச் சேர்றது பிரச்சனை இல்ல, போய்ச் சேந்த இடத்துல பிழைக்கறதுதான் பிரச்சனை. விதைக்குள்ள சாப்பாடு இல்லாததால மண்ணுலயோ மரப்பட்டையிலயோ அதுக்கு ஒத்து வர்ற பூஞ்சை கிடைச்சாத்தான் முளைக்கும், பிரெஞ்சு தாவரவியலாளர் நோயெல் பெர்னார்ட் 1899லயே பாத்துச் சொன்ன விஷயம். முளைச்சாலும் பூக்கறப்ப பொலினியாவை எடுத்துட்டுப் போக பூச்சி வேணும். இந்த ரெண்டுலயும் எது கறாரா இல்லையோ அது பரவும். ஜூக்சைன் ஸ்ட்ரேட்டியூமேட்டிகாவைப் பாருங்க, விரல் உயரத்துக் குட்டிச் செடி, வாய்க்கால் ஓரம், ஈரமான புல்லுல எல்லாம் குளிர்காலத்துல வெள்ளையும் மஞ்சளுமா பூக்கும், மிதிச்சுக்கிட்டே போயிருப்பீங்க. அதுக்குப் பூச்சியே வேணாம், மகரந்தம் சேராமலே விதை வைக்கும், ஆசியாச் செடி 1930கள்லயே ஃபுளோரிடா புல்தரைக்குப் போயிடுச்சு. பூஞ்சை விஷயத்துல எந்த ஆர்க்கிட் எவ்ளோ கறார்ங்கறது நம்ம காட்டு இனங்கள் பெரும்பாலானதுக்கு இன்னும் சோதிச்சுப் பாக்கல, அதனால ரிங்கோஸ்டைலிஸ் பரவினதுக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா எஸ்டேட் மரம், ரோட்டோர மாமரம், சமவெளி ஓரம்னு எங்க வேணா உக்காந்துக்கற செடி அது, வெயிலையும் வறட்சியையும் தாங்குது, அது பெரிய அளவுக்கு உதவியிருக்கணும்.

எதிர்ப்பக்கம், நகராத செடிக்கு உதாரணம் பாஃபியோபெடிலம் ட்ரூரியைங்கற இனம். செருப்பு ஆர்க்கிட் இந்தியாவுல மத்ததெல்லாம் வடகிழக்கும் இமயமலையும், தெற்குல இது ஒண்ணே ஒண்ணு, அதுவும் அகத்தியமலையில மட்டும், மஞ்சப் பூவுல நடுவுல கருங்கோடு ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுல கர்னல் ட்ரூரி கண்டுபிடிச்சது, அப்புறம் அழிஞ்சுபோச்சுன்னே நினைச்சாங்க, மறுபடி கிடைச்சதும் வியாபாரிங்க கூடை கூடையா அள்ளிட்டாங்க, இப்ப கடும் அழிவு நிலைப் பட்டியல்ல இருக்கு. அதோட சொந்தக்காரங்க எல்லாம் அவ்வளவு தூரத்துல இருக்க இது மட்டும் தென்கோடியில எப்படின்னா, முன்னாடி ஈரமான காலத்துல காடு தொடர்ச்சியா இருந்து நடுவுல காய்ஞ்சு அறுந்துபோச்சுன்னு ஒரு கட்சி, விதை பறந்து வந்துச்சுன்னு இன்னொரு கட்சி. இப்சியாலயும் இதே கதை. உலகத்துல மூணே இனம், ஒண்ணு கேரளப் பக்கத்து மலையில, ஒண்ணு இலங்கையில, ஒண்ணு தாய்லாந்துல. நம்மளுதுக்கும் இலங்கைக்கும் நடுவுல உள்ள உறவு புரியுது, கடல்மட்டம் இறங்கினப்பல்லாம் ரெண்டும் ஒரே நிலம்தான். தாய்லாந்துதான் இடிக்குது.

எனக்கு இதுலயே பிடிச்சது சத்தீரியம் நேபாலென்ஸ். ஊட்டி, கொடைக்கானல் மேல்மலைப் புல்வெளியில மழை ஓயற நேரத்துல இளஞ்சிவப்பா கதிர் மாதிரி நிக்கும். ஒரு பூவைப் பறிக்காம குனிஞ்சு பின்பக்கம் பாருங்க, தேன் வச்சிருக்கற வால் ரெண்டு கீழ தொங்கும், பொதுவா மத்த ஆர்க்கிட்ல ஒண்ணுதான் இருக்கும் இல்லன்னா இருக்கவே இருக்காது. உதடும் மேல குடை மாதிரி கவிஞ்சிருக்கும், ஏன்னா இதுல காம்பு அந்த அரைச் சுத்து திரும்பறது இல்ல. இதே செடி இமயமலையில இருக்கு, இலங்கை மலையில இருக்கு, ஆனா இந்தப் பேரினத்தோட கூட்டம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுலயும் மடகாஸ்கர்லயும், ஆசியாவுக்கு வந்தது விரல்விட்டு எண்ற அளவு. நீலகிரி பேரோடயே இருக்கற டிஸ்பெரிஸ் நீல்கெரென்சிஸும் அப்படித்தான், சொந்தமெல்லாம் ஆப்பிரிக்கா. ஆக நம்ம மலையில மரத்துமேல பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியச் சொந்தம், புல்வெளியில கொஞ்சம் ஆப்பிரிக்கச் சொந்தம். இந்தியா ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிஞ்சப்பவே இது கூட வந்துச்சுன்னு சிலர் எழுதறாங்க, அதை நம்ப வேணாம், கண்டம் பிரிஞ்ச காலத்தோட ஒப்பிட்டா இந்த இனங்களோட வயசு ரொம்பக் குறைச்சல், பின்னாடி வந்து சேந்ததுதான்.

மொத்தக் குடும்பமும் எங்க பிறந்துச்சுங்கறதுலயே இன்னும் வழக்கு நடக்குது. 2016ல வந்த பெரிய ஆய்வு ஆஸ்திரேலியா, பதினோரு கோடி வருஷம்னு சொல்லுச்சு, 2024ல இன்னும் நிறைய இனத்தோட டிஎன்ஏவை வச்சு வந்தது வடக்கு அரைக்கோளம், எட்டு கோடி வருஷத்துக்கு மேலன்னு சொல்லுது. ஆர்க்கிட் ஃபாசில் கைவிட்டு எண்ற அளவுதான் கிடைச்சிருக்கு, அதுல பேர்போனது டொமினிக்கன் குடியரசுல கிடைச்ச அம்பருக்குள்ள (கல்லாப் போன மரப்பிசின்) முதுகுல பொலினியா ஒட்டின தேனீ, 2007ல வெளியிட்டாங்க. எனக்கு ரெண்டாவது ஆய்வு மேல சாய்வு இருக்கு, ஆனா இன்னொரு ஃபாசில் கிடைச்சா மாறலாம்.

உங்க ஊர்ப்பக்கம் பாக்க ஆசைன்னா இப்படிப் பாருங்க. சமவெளி ஓரம், மாமரம் புளியமரத்துல வாண்டா டெஸ்ஸலேட்டா, பழுப்புக் கட்டம் போட்ட பூ, ஊதா உதடு. மலையேறுற வழியில அகாம்பே, ஏரிடஸ், உங்க ரிங்கோஸ்டைலிஸ், அப்புறம் கோட்டோனியா, அதோட உதடு அச்சு அசல் ஒரு வண்டு உக்காந்த மாதிரி இருக்கும், தென்னிந்தியா இலங்கை தவிர எங்கயும் கிடையாது. இன்னும் மேல சோலைக்காட்டுல பாசி மூடின கிளையில சீலோஜைன், ஓபரோனியா, குட்டி பல்போஃபில்லம், வெளியில புல்வெளியில சத்தீரியமும் ஹேபனேரியாவும். ஏற்காட்டுல தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட ஆர்க்கிட் தோட்டம் இருக்கு, பேர் எழுதி வச்சிருப்பாங்க, காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அங்க போயிட்டு வந்தா கண்ணு பழகும்.

கடைசிக் கேள்வி, விழுந்த கிளை. ரிசர்வ் காடா இருந்தா விழுந்ததோ நின்னதோ எதையும் எடுக்கக்கூடாது, அதுல பேச்சே இல்ல. சர்வதேச வியாபாரத்துக்கும் மொத்த ஆர்க்கிட் குடும்பமும், காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சைட்டீஸ் ஒப்பந்தத்துல இருக்கு. தனியார் எஸ்டேட்டா இருந்தா மேனேஜர்கிட்ட சொல்லிட்டு, அந்தச் செடியைப் பக்கத்து மரத்துலயே அதே அளவு வெளிச்சம் வர்ற இடத்துல வேர் பட்டையைத் தொடற மாதிரி வச்சு தேங்காநார்க் கயித்தால கட்டிடுங்க, மண்ணு எதுவும் வைக்காதீங்க, ஒரு மழைக்காலத்துல பிடிச்சுக்கும். வீட்டுல வளர்க்கணும்னா ரிங்கோஸ்டைலிஸ் திசு வளர்ப்புல பண்ணினது நர்சரியில கிடைக்குது, காட்டுல எடுத்ததா திசு வளர்ப்பான்னு கேட்டு வாங்குங்க.

ஒண்ணு மட்டும், நீங்க போட்ட போட்டோல பூக்கொத்து தூரத்துல மங்கலா இருக்கு, ஏரிடஸா இருக்கவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அடுத்த தடவை போனா ஒரு பூவைப் பக்கவாட்டுல கிட்டக்க எடுங்க, உதட்டுக்கு அடியில பக்கவாட்டுல அமுங்கின பை பின்பக்கம் பாத்து இருந்தா ரிங்கோஸ்டைலிஸ், கொம்பு மாதிரி முன்பக்கம் வளைஞ்சு இருந்தா ஏரிடஸ். கூடவே இலை நுனியும் ஒண்ணு எடுத்துப் போடுங்க, பாத்துச் சொல்றேன்.